திரும்பும் வழியை மறந்த பொறி: அழைப்பு அடுக்கும் அதன் வழுக்களும்



கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையில் நின்று தமிழில் பேசுவதற்கு எவரும் தனியே காரணம் காட்ட வேண்டியதில்லை. பிட் தெரு என்ற பழம்பெயரால் இச்சாலையை அழைத்த காலத்திலேயே இங்கே தமிழ் ஒலித்தது. 1801ஆம் ஆண்டளவில் காதர் முகைதீன் தலைமையில் பள்ளிவாசல் எழுந்தது முதல் இன்றுவரை, நாணய மாற்றுக்கடைகளிலும் நகைக்கடைகளிலும் பூக்கடைகளிலும் கணக்கும் பேரமும் தமிழில் நடந்துவந்துள்ளன. ஆனால் நுண்செயலிகளின் நினைவகத்தில் நேரும் வழுக்களைப் பற்றி இத்தெருவில் தமிழில் பேசலாமா என்றால், சிலர் புருவத்தை உயர்த்தக்கூடும். இந்தப் பொழிவுக்கு என்னை அழைத்த நண்பரும் முதலில், "சற்றே இலக்கியம் கலந்த தலைப்பாக இருக்கட்டுமே" என்றுதான் கேட்டார். இலக்கியம் கலக்கவில்லை, இலக்கணம் மட்டும் ஓரிடத்தில் கலந்திருக்கிறது. பொறுத்தருள்க.

இத்தீவுக்கும் நுண்செயலிக்கும் உள்ள உறவு ஐம்பது ஆண்டுகளைத் தாண்டியது. துன் லிம் சோங் இயூ முதலமைச்சராக இருந்த காலத்தில், 1972ஆம் ஆண்டு பாயான் லெப்பாசில் நாட்டின் முதலாவது தடையற்ற வணிக வளாகம் திறக்கப்பட்டது. அதே ஆண்டு இன்டெல் இங்கே வந்தது. அமெரிக்காவுக்கு வெளியே அந்நிறுவனம் அமைத்த முதல் பொருத்துகூடம் அது. உலகின் எந்த மூலையில் பழைய கணினி ஒன்றைத் திறந்து பார்த்தாலும், கறுப்புச் சில்லின் முதுகில் 'மலேசியா' என்று பொறித்திருப்பதைக் காணலாம். அச்சில்லுகளை உருப்பெருக்கிக் கண்ணாடியின் கீழ் வைத்துப் பொருத்தியவர்களில் நம் வீட்டுப் பெண்களும் உண்டு. அவர்களில் ஒருவரைப் பற்றியும் இன்று பேசப் போகிறேன். அதற்கு முன் அழைப்பு அடுக்கு என்றால் என்ன என்பதை விளக்கிவிடுகிறேன்.

என் தாய்மாமன் இந்தச் சாலையில் நாணய மாற்றுக்கடை ஒன்றில் கணக்கெழுதியவர். பள்ளி விடுமுறையில் நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். மேசையில் மரக்கட்டையில் நட்ட கூரிய கம்பி ஒன்று நிற்கும். அவர் தாய்லாந்து பாட் நோட்டுகளை எண்ணிக்கொண்டிருப்பார். நடுவே ஒருவர் சிங்கப்பூர் வெள்ளியோடு வந்து நிற்பார். மாமா எண்ணிய வரைக்கும் ஒரு துண்டுச் சீட்டில் குறித்துக் கம்பியில் குத்திவிட்டுச் சிங்கப்பூர்க்காரரைக் கவனிப்பார். அதற்குள் தொலைபேசி மணி அடிக்கும். அந்தக் கணக்கையும் ஒரு சீட்டில் குறித்துக் குத்திவிட்டுத் தொலைபேசியை எடுப்பார். பேசி முடித்ததும் கம்பியின் உச்சியில் இருக்கும் சீட்டை உருவுவார். அது சிங்கப்பூர்க் கணக்கு. அதை முடித்ததும் அடுத்த சீட்டை உருவுவார். அது பாட் கணக்கு. கடைசியில் குத்தியது முதலில் வரும். எத்தனை பேர் இடையில் புகுந்தாலும் அவர் தொடக்கத்துக்குச் சரியாகத் திரும்பிவிடுவார்.

செயலியும் இதையே செய்கிறது. ஒரு நிரல் என்பது பல செயற்கூறுகளின் தொகுப்பு. ஒரு செயற்கூறு தன் வேலையின் நடுவில் இன்னொன்றை அழைக்கிறது. அது மற்றொன்றை அழைக்கிறது. அழைக்கப்பட்டது முடிந்ததும், அழைத்தது விட்ட இடத்திலிருந்து தொடர வேண்டும். விட்ட இடத்தின் எண்ணுக்குத் திரும்பு முகவரி என்று பெயர். அந்த முகவரியையும், செயற்கூறு தன் சொந்த வேலைக்கு வைத்துக்கொள்ளும் தற்காலிக எண்களையும் குத்திவைக்கும் கம்பிதான் அழைப்பு அடுக்கு. கம்பியின் உச்சி இப்போது எங்கே இருக்கிறது என்று காட்டிக்கொண்டிருக்கும் பதிவகம் அடுக்குச்சுட்டி. விக்கிரமாதித்தன் கதையில் பதுமை கதை சொல்லும். அதற்குள் வேதாளம் கதை சொல்லும். வேதாளத்தின் கதை முடிந்ததும் நாம் பதுமையிடம் திரும்பி வருகிறோம். அந்த வரிசையை நம் நினைவு எங்கே வைத்திருக்கிறதோ, அந்த இடம் என்று கொண்டாலும் தவறில்லை.

இக்கருத்தை முதலில் எழுதிவைத்தவர்களில் ஆலன் டூரிங் ஒருவர். 1945ஆம் ஆண்டின் இறுதியில் ஆக்கிய கணினித் திட்ட அறிக்கையில், திரும்பு முகவரியைப் பாதுகாப்பதைப் 'புதைத்தல்' என்றும், மீட்பதைத் 'தோண்டியெடுத்தல்' என்றும் பொருள்படும் சொற்களால் குறித்தார். செருமனியில் பிரீட்ரிக் பவுவரும் கிளவுஸ் சாமெல்சனும் 1957இல் இதற்குக் காப்புரிமை கோரியபோது 'நிலவறை' என்ற சொல்லை ஆண்டனர். டைக்ஸ்ட்ரா 1960இல் எழுதிய கட்டுரைக்குப் பின் 'அடுக்கு' என்னும் பொருளுள்ள ஆங்கிலச் சொல் நிலைத்தது. மூன்று மொழிக்காரர்கள் மண்ணையும் அறையையும் அடுக்கையும் பார்த்துப் பெயரிட்டிருக்கிறார்கள். கலைச்சொல் ஆக்குவோர் இதைக் கவனிக்க வேண்டும். நமக்கு அடுக்கு என்பது நல்ல சொல். அடுக்குச்சட்டியில் சோறு கொண்டுபோனவர்களுக்கு அது புரியாமல் போகாது.

மேசைக் கணினியில் இந்தக் கம்பி மிக நீளமானது. பல இலட்சம் பைட்டுகள் இருக்கும். துணி துவைக்கும் எந்திரத்திலும் மருத்துவமனைக் கருவியிலும் வண்டியின் பொறியிலும் உட்பொதிந்திருக்கும் சிறு செயலிகளின் நிலை வேறு. இன்டெலின் 1971ஆம் ஆண்டு 4004 செயலியில் மூன்றே மூன்று திரும்பு முகவரிகளுக்குத்தான் இடம் இருந்தது. 1980இல் வந்த 8051இல், அடுக்கும் மற்ற எல்லா எண்களும் சேர்ந்து குடியிருக்க உள்நினைவகம் 128 பைட்டுதான். 'பிக்' வகைச் சிறு செயலிகள் பலவற்றில் எட்டு நிலை மட்டும். ஒன்பதாவது அழைப்பு வந்தால், முதலாவது முகவரியின் மேலேயே அது சத்தமில்லாமல் எழுதப்படும். கம்பி நிறைந்துவிட்டது என்று சொல்ல அங்கே ஆள் இல்லை. இன்று புழக்கத்திலுள்ள ஆர்ம் கார்டெக்ஸ்-எம் வகைச் செயலிகளில் நினைவகம் கூடியிருக்கிறது. ஆனால் அடுக்குக்கு எத்தனை பைட்டு என்பதை இன்னமும் மனிதர் ஒருவர்தான் ஓர் எண்ணாக எழுதிவைக்கிறார். பெரும்பாலும் அது ஊகம். நானும் அப்படி ஊகித்தவன்தான்.

இனி நான் சொல்ல வந்த நிகழ்ச்சி.

சில ஆண்டுகளுக்கு முன், சில்லுகளைச் சூட்டில் வைத்துச் சோதிக்கும் பெட்டிகளுக்கான கட்டுப்பாட்டுப் பலகை ஒன்றை நான் பணியாற்றிய சிறு குழு செய்து கொடுத்தது. அப்பெட்டிக்குள் சில்லுகள் 125 பாகை செல்சியசில் பல மணி நேரம் இருக்க வேண்டும். வலுவில்லாதவை அந்தச் சூட்டில் செத்துவிடும். தாக்குப்பிடித்தவை விற்பனைக்குப் போகும். பலகையில் கார்டெக்ஸ்-எம்3 வகைச் செயலி. அது வெப்பத்தை அளக்கும், இலக்குக்கு ஏற்பச் சூடேற்றியை இயக்கும், கதவு திறப்பதையும் சாத்துவதையும் கவனிக்கும், கேட்டால் ஒரு சீட்டை அச்சிட்டுத் தரும். அச்சிடும் பகுதியை எழுதியவன் நான்.

நிறுவிய சில மாதங்களில் முறையீடு வந்தது. மூன்று வாரத்தில் நான்கு முறை, நள்ளிரவுக்குப் பின், இலக்கு வெப்பம் 125இலிருந்து 23க்கோ 31க்கோ மாறியிருந்தது. பெட்டி ஆறிப்போய், வேகாத சில்லுகள் தட்டுத்தட்டாக ஒதுக்கப்பட்டன. பெட்டியின் நிகழ்வேட்டைப் பார்த்தால், 'இலக்கு மாற்றம்: பயனர்' என்று நேரத்தோடு பதிவாகியிருந்தது. நான்கு முறையும் பணியில் இருந்தவர் ஒரே அம்மையார். இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆலை வேலை பார்த்தவர். தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டு படித்தவர். விசைகளைத் தவறாக அழுத்துகிறார், அல்லது வேண்டுமென்றே செய்கிறார் என்று அவருக்கு எச்சரிக்கைக் கடிதம் கொடுத்துவிட்டார்கள். இரண்டாவது கடிதம் வந்தால் வேலை போய்விடும்.

அந்தப் பதிவை எழுதிய வரியை நான் அறிவேன். ஒவ்வொரு நிமிடமும் இலக்கு எண்ணைப் பழையதோடு ஒப்பிட்டு, வேறாக இருந்தால் 'பயனர்' என்று எழுதும் வரி அது. அந்த எண்ணைப் பயனர் தவிர வேறெவர் மாற்ற முடியும் என்பது எங்கள் எண்ணம். பொறி சாட்சி சொல்லவில்லை. எங்கள் எண்ணத்தை நாங்களே பொறியின் வாயில் வைத்திருந்தோம். இதை அன்று நான் உணரவில்லை. உணராமலேயே, "நிரலில் வழு இல்லை" என்று முதல் இரண்டு அறிக்கைகளிலும் கையெழுத்திட்டேன்.

அப்படிச் சொல்ல என்னிடம் சான்றும் இருந்தது. அடுக்கைச் சோதிக்க ஒரு பழைய உத்தி உண்டு. பொறி தொடங்கும்போது அடுக்குக்கு ஒதுக்கிய இடம் முழுவதையும் ஒரே எண்ணால் நிரப்பிவிடுவது. ஃப்ரீஆர்டோஸ் போன்ற இயக்க நிரல்கள் இன்றும் 'ஏ5' என்ற பதினறும எண்ணை இதற்கு வைத்திருக்கின்றன. சுவருக்குச் சாயம் பூசுவது போன்றது இது. வெள்ளம் வடிந்தபின் சாயம் எதுவரை அழிந்திருக்கிறது என்று பார்த்தால், நீர் எவ்வளவு உயர்ந்தது என்று தெரிந்துவிடும். நாங்கள் ஒதுக்கியது 512 பைட்டு. சோதனையில் அழிந்திருந்தது 432. எண்பது பைட்டு மிச்சம் என்று மகிழ்ச்சியோடு எழுதினேன். நீர்க்கோடு இதுவரை வந்த வெள்ளத்தை மட்டுமே சொல்லும். இனி வரக்கூடிய வெள்ளத்தைச் சொல்லாது. இவ்வளவு எளிய வேறுபாடு அன்றைக்கு என் மண்டையில் ஏறவில்லை.

மூன்றாவது முறை ஆலைக்குப் போனபோது இரவுப் பணி நேரத்தில் போனேன். அம்மையார் தம் மேலங்கிப் பையிலிருந்து ஒரு சிறு குறிப்பேட்டை எடுத்து நீட்டினார். "தம்பி, நீங்க தமிழ் படிப்பீங்கல்ல?" என்று கேட்டார். "படிப்பேன், அக்கா" என்றேன். அதில் நான்கு இரவுகளின் குறிப்பும் இருந்தது: நேரம், பெட்டி எண், தட்டு எண், என்ன செய்துகொண்டிருந்தார் என்பது. நான்கிலும் ஒரே வரி திரும்ப வந்தது. சீட்டு அடித்துக்கொண்டிருக்கும்போதே கதவைச் சாத்தினேன் என்று. முறையீட்டுப் படிவம் ஆங்கிலத்திலும் மலாயிலும் இருந்ததால் இக்குறிப்பை அதில் சேர்க்க இடமில்லை என்று சொல்லிவிட்டார்களாம். மேற்பார்வையாளருக்குத் தமிழ் தெரியாது. படிக்கச் சொல்லிக் கேட்கவும் அவருக்குத் தோன்றவில்லை.

பகல் பணியாளர்கள் தட்டை வைத்து, அச்சு விசையை அழுத்தி, சீட்டு முழுவதும் வந்தபின் கதவைச் சாத்துவார்கள். இவர் கைவேகம் உள்ளவர். சீட்டு வரும் நேரத்தை வீணாக்காமல் கதவைச் சாத்திவிட்டு அடுத்த பெட்டிக்குப் போய்விடுவார். அவர் பணியின்போது மட்டும் வழு தோன்றியதற்கு அவருடைய திறமையே காரணம். அதுவே அவர்மேல் குற்றமாகவும் ஆகியிருந்தது.

இங்கே குறுக்கீடு என்ற ஒன்றை விளக்க வேண்டும். செயற்கூறுகளின் அழைப்பை நிரல் எழுதியவர் திட்டமிடுகிறார். குறுக்கீட்டை அப்படித் திட்டமிட முடியாது. மாமாவின் மேசைத் தொலைபேசியைப் போல அது எப்போது வேண்டுமானாலும் அடிக்கும். கார்டெக்ஸ்-எம்3 செயலியில் குறுக்கீடு வந்ததும், செயலி தானாகவே எட்டுப் பதிவகங்களின் எண்களை, அதாவது 32 பைட்டை, அடுக்கில் வைத்துவிட்டுக் குறுக்கீட்டைக் கவனிக்கப் போகிறது. அதைக் கவனிக்கும் செயற்கூறும் தன் பங்குக்கு இடம் எடுத்துக்கொள்ளும். அதற்குள் அதைவிட முதன்மை கூடிய இன்னொரு குறுக்கீடு வந்தால், மறுபடியும் 32 பைட்டும் அதற்கு மேலும் போகும்.

அன்றிரவு தங்கும் அறைக்குப் போய்த் தாளில் கூட்டிப் பார்த்தேன். எண்களை எழுத்தாக மாற்றி வடிவமைக்கும் நூலகச் செயற்கூறுகளை அழைப்பதால், நான் எழுதிய அச்சுப் பகுதி அதன் ஆழத்தில் 344 பைட்டு கொள்ளும். அந்நேரத்தில் வெப்பம் அளக்கும் கடிகாரக் குறுக்கீடு வந்தால் 88 கூடும், ஆக 432. எங்கள் நீர்க்கோடு அதுதான். அக்குறுக்கீடு முடிவதற்குள் கதவுக் குறுக்கீடு வந்தால் இன்னும் 96, மொத்தம் 528. ஒதுக்கியது 512. பதினாறு பைட்டு வெளியே வழிகிறது. சோதனைச் சாலையில் நாங்கள் எவரும் சீட்டு அச்சாகும்போது கதவைச் சாத்தியதே இல்லை.

இவ்வகைச் செயலிகளில் அடுக்கு மேலிருந்து கீழ்நோக்கி வளரும். அடுக்கின் கடைசிப் படிக்குக் கீழே யார் குடியிருக்கிறார்கள் என்று நினைவக வரைபடத்தைப் பார்த்தேன். முதல் நான்கு எண்களில் மூன்று காட்சித்திரைக்கானவை. அவை கெட்டாலும் அடுத்த நொடியே புதிதாக எழுதப்பட்டுவிடும். யார் கண்ணிலும் படாது. நான்காவது எண் இலக்கு வெப்பம்.

ஊகம் சரியாக இருந்தாலும் மெய்ப்பிக்க வேண்டும். ஒருவர் வேலை அதில் தொங்கிக்கொண்டிருந்தது. மறுநாள் பலகை ஒன்றை மேசைக்குக் கொண்டுவந்து, சீட்டு அச்சாகும்போதெல்லாம் கதவு விசையைத் தானே திறந்து சாத்தும்படி சிறு மின்தொடுப்பான் ஒன்றைப் பொருத்தினேன். இச்செயலிகளுக்குள் காவற்புள்ளி என்ற வசதி உண்டு. குறித்த முகவரியில் யார் எழுதினாலும் அந்தக் கணமே செயலியை நிறுத்திவிடும். இலக்கு வெப்பத்தின் முகவரியில் காவல் வைத்துவிட்டுத் தேநீர் குடிக்கப் போனேன். திரும்பி வருவதற்குள் பொறி நின்றிருந்தது. நின்ற இடம் விசைப்பலகைப் பகுதியன்று. கதவைக் கவனிக்கும் செயற்கூறு. அது இலக்கு வெப்பத்தைத் தொடுவதற்கு ஒரு வரிகூட அதில் இல்லை. கதவு எத்தனை நொடி திறந்திருந்தது என்ற தற்காலிக எண்ணைத் தன் அடுக்கில் எழுதிக்கொண்டிருந்தது, அவ்வளவுதான். அந்த எண்ணும் இலக்கு வெப்பமும் ஒரே இடத்தில் இருந்தன. 23 பாகை என்று நாங்கள் நினைத்தது 23 நொடி.

மாணவர்களுக்கு இவ்விடத்தில் ஒன்று சொல்ல வேண்டும். வழு நீக்கும் கருவிகளின் திரையில் 'அழைப்பு அடுக்கு' என்ற சாளரம் ஒன்று இருக்கும். யார் யாரை அழைத்தார் என்று வரிசையாகக் காட்டும். அடுக்கு நலமாக இருக்கும்வரை அது உண்மை சொல்லும். அடுக்கு கெட்டிருந்தால், கெட்ட அடுக்கைப் படித்தே அதுவும் பேசும். அரைகுறையாகவோ முற்றிலும் பொய்யாகவோ காட்டும். அந்த நேரத்தில் சாளரத்தை மூடிவிட்டு, அடுக்குச்சுட்டி காட்டும் முகவரியிலிருந்து நினைவகத்தை எண் எண்ணாகப் படிக்கப் பழக வேண்டும். இச்செயலிகளில் ஒரு செயற்கூறு சேமித்துவைத்த திரும்பு முகவரி, நிரல் இருக்கும் பகுதியைச் சேர்ந்த ஒற்றைப்படை எண்ணாக இருக்கும். கடைசி இருமம் எப்போதும் 1 என்பதே அதற்குக் காரணம். அத்தகைய எண்களைத் தேடி, நிரல் வரைபடத்தோடு ஒப்பிட்டால் அழைத்தவர் பெயர் கிடைக்கும். குறுக்கீட்டின் அடையாளம் இன்னும் எளிது. ஏழு எஃப்களை அடுத்து 9 என்ற எண் அடுக்கில் இருந்தால், ஒரு குறுக்கீடு முதன்மை நிரலை இடைமறித்திருக்கிறது என்று பொருள். ஏழு எஃப்களை அடுத்து 1 என்றிருந்தால், ஒரு குறுக்கீட்டை இன்னொரு குறுக்கீடு இடைமறித்திருக்கிறது. நான் பார்த்த நினைவகப் பக்கத்தில் இரண்டும் இருந்தன. அக்காவின் குறிப்பேட்டில் இருந்ததும் அதுதான்: சீட்டு அடிக்கும்போது கதவு.

ஆசிரியப் பெருமக்களுக்காக, முன்பு சொன்ன இலக்கணம். நிரலில் உள்ள பிழைக்கு 'வழு' என்று பெயர் சூட்டியவர் யாராயினும் நல்ல காது உள்ளவர். திணை, பால், இடம், காலம், வினா, விடை, மரபு என்று வழு எழுவகைப்படும் எனப் படித்திருக்கிறோம். எழுத்து ஒவ்வொன்றும் சரி, சொல் ஒவ்வொன்றும் சரி, சேர்ந்து வரும்போது மட்டும் பிழை என்பதே வழுவின் இயல்பு. 'நேற்று வருவான்' என்பதில் தனித்தனியே எந்தச் சொல்லும் குற்றமுடையதன்று. எங்கள் பெட்டியிலும் அச்சுப் பகுதி சரி, கடிகாரம் சரி, கதவு சரி. மூன்றும் ஒரே கணத்தில் கூடியது காலவழு. பொறியியல் நண்பர்கள் இந்த ஒப்புமையை நான் வலிந்து பொருத்துவதாகச் சொல்கிறார்கள். இருக்கலாம்.

இது ஒரு சூட்டுப் பெட்டியோடு முடியும் செய்தியன்று. 2013ஆம் ஆண்டு அமெரிக்காவின் ஓக்லகோமா நீதிமன்றத்தில், 2005ஆம் ஆண்டு மாதிரி டொயோட்டா காம்ரி வண்டி ஒன்றின் விபத்து வழக்கு நடந்தது. வண்டியின் பொறிக்கட்டுப்பாட்டு நிரலை ஆய்ந்த வல்லுநர் மைக்கேல் பார் சாட்சியமளித்தார். அடுக்கில் 41 விழுக்காடு மட்டுமே பயன்படுகிறது என நிறுவனம் கணக்கிட்டிருந்தது என்றும், தம் கணக்கில் அது 94 விழுக்காடு வருகிறது என்றும், தன்னைத்தானே அழைக்கும் செயற்கூறுகள் அதில் சேரவில்லை என்றும் அவர் கூறினார். அந்த விபத்து அடுக்கு வழிந்ததால்தான் நேர்ந்தது என்று மெய்ப்பிக்கப்பட்டுவிட்டதாக நான் சொல்லவில்லை. அதை இங்கே தீர்க்கவும் வேண்டாம். ஒரே அடுக்குக்கு இரண்டு கணக்குகள் அவ்வளவு தொலைவில் நிற்க முடிந்தது என்பதை மட்டும் எண்ணிப் பாருங்கள். செயற்கூறு தன்னைத்தானே அழைப்பதை வண்டித் துறையின் மிஸ்ரா சி விதிகள் விலக்குகின்றன. நாசாவின் ஜெராடு ஓல்சுமன் 2006இல் வகுத்த பத்து விதிகளில் முதலாவதும் அதை விலக்குகிறது. அடுக்கின் ஆழத்தை முன்கூட்டியே கணக்கிட அது தடையாக இருப்பது ஒரு முதன்மையான காரணம்.

எங்கள் பெட்டிக்குச் செய்த திருத்தம் மிக எளிது. கதவுக் குறுக்கீடு இனி எதையும் கணக்கிடாது. கதவு சாத்தப்பட்டது என்று ஒரு கொடியை உயர்த்திவிட்டுத் திரும்பிவிடும். நொடிக்கணக்கை முதன்மை நிரல் ஆறஅமரப் பார்த்துக்கொள்ளும். அடுக்கை 1024 பைட்டாக உயர்த்தினோம். அதைவிட முதன்மையானது, அடுக்கை நினைவகத்தின் அடித்தளத்துக்கே நகர்த்தினோம். இப்போது வழிந்தால் கீழே அண்டை வீட்டார் யாரும் இல்லை. இல்லாத முகவரியில் எழுத முயன்று, செயலி உடனே பிழை என்று கூவி நின்றுவிடும். (அந்தப் பிழையைக் கவனிக்கும் செயற்கூறு முதல் வேலையாக அடுக்குச்சுட்டியை நல்ல இடத்துக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் அதுவும் அதே குழியில் விழும். இதை நான் எப்படிக் கற்றேன் என்பது வேறு கதை.) 2015இல் அறிவிக்கப்பட்ட ஆர்ம்வி8-எம் வடிவமைப்பில், அடுக்கின் எல்லையைக் காட்டும் தனிப் பதிவகமே வந்துவிட்டது. ஒவ்வொரு செயற்கூறும் எவ்வளவு அடுக்கு கொள்ளும் என்று ஜிசிசி நிரல்பெயர்ப்பி கோப்பாக எழுதித் தரும். அதிலும் குறுக்கீடுகளை நாம்தான் தாளில் கூட்ட வேண்டும். எது எதை இடைமறிக்கும் என்பது அதற்குத் தெரியாது.

நிகழ்வேட்டில் 'பயனர்' என்று எழுதும் வரியையும் திருத்தினேன். விசைப்பலகை வழியாக வந்த மாற்றமாக இருந்தால் மட்டும் அப்படி எழுதும். மற்றபடி 'காரணம் அறியப்படவில்லை' என்று எழுதும். எல்லாத் திருத்தங்களிலும் காலந்தாழ்ந்தது அதுவே என்று இன்றும் நினைக்கிறேன்.

அறிக்கை போனது. மூன்று மாதம் கழித்து எச்சரிக்கைக் கடிதம் அம்மையாரின் கோப்பிலிருந்து எடுக்கப்பட்டது. வருத்தம் தெரிவித்து எவரும் ஒரு வரி எழுதவில்லை. நான் நேரில் போய், என் இரண்டு அறிக்கைகளுக்காக மன்னிப்புக் கேட்டேன். "அது பரவாயில்ல தம்பி. என்ன நடந்துச்சுன்னு நான் படிக்கிற மாதிரி எழுதிக் குடுங்க" என்றார்.

அதற்காகத்தான் முதன்முதலாகத் தமிழில் ஒரு பொறியியல் அறிக்கை எழுத உட்கார்ந்தேன். நான்கு பக்கத்துக்கு இரண்டு வாரம் ஆனது. அடுக்கு கைக்கு வந்தது. குறுக்கீடு வந்தது. திரும்பு முகவரி என்பதா, மீள்முகவரி என்பதா என்று ஒரு மாலை முழுவதும் போயிற்று. அடுக்கு நிறைந்து அடுத்த இடத்தைக் கெடுப்பதற்கு 'மிகைவழிவு' என்று ஒரு சொல்லைக் கட்டிப் பார்த்துவிட்டு, கடைசியில் 'வழிந்தது' என்றே எழுதினேன். பாலும் அப்படித்தானே வழிகிறது. எழுதி முடித்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

அடுத்த வாரம் அத்தாள்களைத் திருப்பித் தந்தார். முழுவதும் படித்திருந்தார், கூட்டல் கணக்கைப் பென்சிலால் தாமும் ஒருமுறை போட்டுச் சரிபார்த்திருந்தார். ஓரிடத்தில் மட்டும் அடித்திருந்தார். 'கதவு மூடல் நிகழ்வின்போது' என்று நான் எழுதியிருந்ததன் மேல் கோடிட்டு, பக்கத்தில் தம் கையெழுத்தில் 'கதவைச் சாத்தும்போது' என்று எழுதியிருந்தார். அறிக்கையின் படியில் இப்போதும் அப்படியே இருக்கிறது.